டயாப்லோ: இருட்டைக் குறைத்தது நிறமா, வேகமா?

சேலத்தில் டயாப்லோ என்ற பேய் வேட்டைக் கம்ப்யூட்டர் கேமை ஆடி வளர்ந்தவர்கள் நான்கு பேர் ஒரு தட்டுவடை செட் கடை முன்னால் நின்றால் போதும். இரண்டாவது தட்டு கைக்கு வருவதற்குள் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்: "முதல் பார்ட்ல இருந்த அந்த இருட்டு இப்ப எங்கடா?" ஒருவர் மூன்றாம் பாகத்தைத் திட்டுவார். இன்னொருவர், நான்காம் பாகத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்பார். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், இரண்டாம் பாகத்திலேயே கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வடைக்கு இன்னும் கொஞ்சம் பீட்ரூட் துருவல் கேட்பார்.

இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் நடக்கிறது. பழைய கேம் கருப்பு, புதிய கேம் கலர் கலராக இருக்கிறது, அதனால் பயம் போய்விட்டது என்பது பொதுவான வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். நிறம் ஒரு காரணம், அதுவும் சின்னக் காரணம். பயத்தைத் தின்றது வேகமும் பலமும். மூத்தவர் சொல்வதில் நிறைய விஷயம் இருக்கிறது.

முதல் டயாப்லோ 1996 முடிந்து 1997 பிறந்த சமயத்தில் வந்தது. கலிஃபோர்னியாவில் இருந்த பிளிசார்ட் நார்த் என்ற சின்னக் குழு செய்தது. டேவிட் பிரெவிக், ஷேஃபர் சகோதரர்கள் இருவர் ஆகியோர் அதன் தலைகள். அந்தப் பக்கத்தில் உள்ள மவுண்ட் டயாப்லோ என்ற மலையின் பெயரைத்தான் பிரெவிக் கேமுக்கு வைத்தார். ஆடு புலி ஆட்டம் மாதிரி ஆளுக்கு ஒரு காய் நகர்த்தும் ஆட்டமாகத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். பிறகு சொடுக்கினால் உடனே வெட்டும் ஆட்டமாக மாற்றினார்கள். அப்படி மாற்றிய பிறகும் அதன் நடை மெதுவாகவே இருந்தது. அதில் நம் ஆளால் ஓட முடியாது. வாசல்வரை வந்த பேயிடமிருந்து தப்பிக்க வேண்டுமானாலும் நடந்துதான் போக வேண்டும்.

கதையும் எளிது. ட்ரிஸ்ட்ராம் என்று ஒரு ஊர். அங்கே ஒரு பாழடைந்த தேவாலயம், அதற்குக் கீழே 16 தளங்கள். மேலே நான்கு தளம் தேவாலயத்தின் அடித்தளம், அப்புறம் கல்லறைகள், அப்புறம் குகைகள், கடைசி நான்கும் நரகம். ஒவ்வொரு முறை புதிதாக ஆரம்பிக்கும்போதும் தளங்களின் அமைப்பு மாறிவிடும், அதனால் வழியை மனப்பாடம் செய்ய முடியாது. மேட் யூல்மென் 12 கம்பி கிட்டாரில் வாசித்த ட்ரிஸ்ட்ராம் இசையைக் கேட்டவர்கள் இன்றைக்கும் முதல் நான்கு நொடியில் அதை அடையாளம் சொல்லிவிடுவார்கள். அந்த ஊரில் பேச ஆள் இருந்தார்கள்: கொல்லன், வைத்தியர், குடிகாரன், ஒற்றை மரக்காலோடு திருட்டுச் சரக்கு விற்கும் சிறுவன். கீழே இறங்கிவிட்டால் பேச அநேகமாக ஒருவரும் இல்லை.

அந்த இருட்டு எப்படி வேலை செய்தது என்பதைப் பார்ப்போம். திரை அளவு 640க்கு 480, மொத்தம் 256 நிறங்கள். இந்த ஏழ்மையை அவர்கள் அழகாகப் பயன்படுத்தினார்கள். நம் ஆளைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம், அதன் விளிம்பில் வெளிச்சம் படிப்படியாகக் கரைந்து கருப்பாகிவிடும். அணிகிற பொருளைப் பொறுத்து அந்த வட்டம் பெரிதாகும், சில சாபப் பொருள்களைப் போட்டால் சுருங்கிவிடும். பனி இறங்கிய இரவில் ஏற்காடு மலைப்பாதையில் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹெட்லைட் போகிற தூரம்தான் ரோடு. அடுத்த கொண்டை ஊசி வளைவு இருக்கிற இடம் தெரியும், 20 வளைவில் எத்தனையாவது என்பதுகூடத் தெரியும், ஆனால் அதில் எதிரே என்ன வருகிறது என்பது ஹாரன் சத்தத்தில்தான் தெரியும். டயாப்லோவிலும் முதலில் சத்தம் வரும், உருவம் பிறகுதான் வரும். எலும்புகள் உரசும் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது.

இதை எல்லாரும் ஒரே மாதிரி சொல்வதற்குக் காரணம் இரண்டாம் தளத்தில் இருக்கும் புட்சர், அதாவது கசாப்புக்காரன் என்ற பேயின் அறை. தேவாலய வாசலில் குற்றுயிராகக் கிடக்கும் ஒருவன் முதலிலேயே எச்சரிக்கிறான். கீழே போனால், மூடிய கதவுள்ள ஒரு சின்ன சதுர அறை. கதவைத் திறந்தால் தரை முழுக்க ரத்தம், கழுவில் ஏற்றிய உடல்கள். புதுக்கறி வந்திருக்கிறது என்று ஒரு குரல். அவ்வளவுதான், அடுத்த நொடி பெரிய வெட்டுக்கத்தியோடு ஒருவன் நம்மேல் வந்துவிடுவான். நம்மால் ஓட முடியாது. முதல் முறை அநேகமாக எல்லாரும் செத்தார்கள். அப்புறம், கம்பி அடைப்புக்கு இந்தப் பக்கம் நின்று அம்பு விட்டால் அவனைக் கொன்றுவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த அறையின் நிறம் என்ன என்று கேட்டால் சிவப்பு என்பார்கள். அது இருட்டான அறைகூட இல்லை, அந்தத் தளத்திலேயே கண்ணைப் பறிக்கிற அறை அதுதான். நிறம்தான் பயம் என்றால் இந்த அறை பயமுறுத்தியிருக்கக் கூடாது.

சட்டிப்பானைக் கணக்குகளும் பயத்துக்கு உதவின. உயிர் மருந்து வைக்க இடுப்புப் பட்டையில் எட்டு இடம்தான். பையில் தங்கக் காசுகூட இடத்தை அடைத்துக்கொள்ளும். கத்தி தேயும், கவசம் கிழியும். மேலே ஊருக்குப் போகலாமா, இன்னொரு கதவைத் திறக்கலாமா என்று ஒவ்வொரு தளத்திலும் ஒரு யோசனை. அந்த யோசனை நேரத்தில்தான் பயம் உள்ளே வரும்.

இரண்டாம் பாகம் 2000 ஜூனில் வந்தது, அதற்கான கூடுதல் பாகம் 2001இல். நம் ஊரில் டயாப்லோ என்றால் பலருக்கும் இதுதான். அப்போது ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் வந்துகொண்டிருந்த காலம். நாலைந்து கம்ப்யூட்டரை ஒயரில் கோத்து, ஸ்கூல் விட்ட பையன்களுக்கு மணிக்கணக்கில் விடுவார்கள். கேமின் அசல் டப்பாவை அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அது வேறு கதை.

மூத்தவரின் கட்சிக்கு இங்கேதான் ஆதாரம். இரண்டாம் பாகத்தில் ஓடலாம். களைப்பு அளவு என்று ஒன்று உண்டு, ஆனால் கொஞ்சம் நிலை உயர்ந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது அங்கம் முழுக்கப் பாலைவன வெயில். சூனியக்காரியாக ஆடுகிறவருக்கு ஒரு வித்தை கிடைத்துவிட்டால் திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவிக்கொண்டே போகலாம். எங்கள் சென்டரில் யாரும் பயந்து ஆடி நான் பார்க்கவில்லை. மெஃபிஸ்டோ ரன், பால் (Baal) ரன் என்று ஒரே பெரிய பேயை மறுபடி மறுபடி கொன்று, விழும் சாமானைப் பொறுக்கிக்கொண்டு, வெளியே வந்து மறுபடி உள்ளே போவார்கள். "அண்ணா, இன்னும் பத்து நிமிசம், ஒரே ஒரு ரன்" என்பதுதான் அங்கே அதிகம் கேட்ட வசனம். கறிக்கடைக்கு வாராவாரம் போகிறவனுக்கு என்ன பயம்?

இதில் இன்னொரு விஷயமும் உண்டு, சண்டையில் யாரும் பேசாத விஷயம். கேமின் அமைப்புகளில் காமா என்று ஒரு கம்பி இருந்தது, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும். சென்டரில் தலைக்கு மேலே டியூப்லைட், பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு. உட்கார்ந்ததும் பையன்கள் முதல் வேலையாக அந்தக் கம்பியைக் கடைசிவரை தள்ளிவிடுவார்கள். இருட்டு சாம்பலாகிவிடும், மூலையில் நிற்பது யார் என்று தெரியும், சீக்கிரம் கொல்லலாம். அதே சிடியை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் வேறு கேம். ரசிகர்கள் இருட்டு வேண்டும் என்று கேட்கிறார்கள். கையில் கம்பியைக் கொடுத்தால் வெளிச்சத்தைத்தான் கூட்டுகிறார்கள். கேம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனாலும் இரண்டாம் பாகத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. முதல் பாகத்தின் கடைசியில் நாயகன் பேயை அடக்குவதாக நினைத்து அதன் ஆன்மா அடைபட்ட கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்கிறான். இரண்டாம் பாகத்தில் அந்த நாயகனே பேயாகிக் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். ட்ரிஸ்ட்ராமுக்கு மறுபடி போனால் ஊர் எரிந்து கிடக்கிறது. கத்தி விற்ற கொல்லன் பிணமாக நடந்துவந்து நம்மை அடிக்கிறான். மரக்கால் பையன் செத்துக் கிடக்கிறான். அவனிடம் பேரம் பேசி ஏமாந்தவர்களுக்குத்தான் அந்த இடம் வலிக்கும். பின்னணி இசையாகப் பழைய கிட்டார் வரும்போது, தொடரின் மொத்தத்திலும் அதைவிட இருட்டான ஐந்து நிமிடம் கிடையாது என்பேன். பகல் வெளிச்சத்தில் போனாலும் அது அப்படித்தான்.

மூன்றாம் பாகம்தான் பெரிய கலவரம். பிளிசார்ட் நார்த்தை 2005இல் மூடிவிட்டார்கள். வேலை தாய் நிறுவனமான பிளிசார்டின் வேறு குழுவுக்குப் போனது. 2008 ஜூன் 28 அன்று பாரிஸில் முதல் காட்சியைக் காட்டினார்கள். நீலமும் பச்சையுமாக ஒளிரும் குகை, அருவியருகே வானவில். அதே நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் சாயல் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இணையத்தில் ஒரு மனு கிளம்பியது, பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். சிலர் காட்டிய படங்களை எடுத்து, நிறத்தைக் குறைத்து, நிழலைக் கூட்டி, "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று போட்டார்கள்.

தலைமை வடிவமைப்பாளர் ஜே வில்சன் அதற்குச் சொன்ன பதில் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒற்றைப் படத்தில் அழகாகத் தெரிவது, நகரும் ஆட்டத்தில் ஓடாது என்றார். எல்லாமே சாம்பலாக இருந்தால் எது தரை, எது எதிரி என்று பிரித்தறிய முடியாது என்பது அவர் வாதம். இதில் முக்கியமான இடம் இது: திரையில் ஒரே நேரத்தில் முப்பது எதிரி வரும் ஆட்டம் என்று முடிவு செய்துவிட்டால், அவர் சொல்வது முழுக்க சரி. முப்பது பேரையும் அடையாளம் தெரிந்து அடிக்க வெளிச்சம் வேண்டும். நாலு பேர் வரும் ஆட்டத்துக்கு வேண்டாம். மனு போட்டவர்கள் வெளிச்சத்தோடு சண்டை போட்டார்கள், எண்ணிக்கையோடு போட்டிருக்க வேண்டும்.

நிறுவனம் கடைசியில் கிண்டலாகவும் ஒரு பதில் வைத்தது. மூன்றாம் பாகத்தில் ஒளிந்திருக்கும் ரகசியத் தளம் ஒன்று உண்டு: வானவில், ஒற்றைக்கொம்புக் குதிரை, கரடிபொம்மை, சிரிக்கும் பூக்கள். கலர் கலர் என்றீர்களே, இந்தாங்க கலர்.

கேம் 2012 மே 15 வெளிவந்தது. அந்த வருடத்தைச் சேலத்துக்காரர்களுக்கு வேறொன்று நினைவூட்டும். சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாத காலம் அது. டயாப்லோ 3 கம்ப்யூட்டரில் தனியாக ஆடினாலும் இணையம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. வெளியான அன்று உலகம் முழுக்கப் பல பேர் உள்ளே நுழைய முடியாமல் பிழை 37 என்ற அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் பிழை 37ஐத் தாண்டினால் யூபிஎஸ் கத்தும். மோடம் அணையும். ஒரு முறை செத்தால் ஆள் நிரந்தரமாகப் போய்விடும் ஹார்ட்கோர் முறையில் ஆடிய ஒரு நண்பன், பேயைப் பார்த்து பயந்ததேயில்லை, மின்விசிறி வேகம் குறைகிறதா என்று மேலே பார்த்துப் பார்த்துப் பயந்தான். அந்த வருடம் சேலத்தில் இருட்டுக்குப் பஞ்சமே இல்லை, கேமில்தான் இருட்டு இல்லை.

சரி, மூன்றாம் பாகத்தின் உண்மையான குறை எங்கே? எதிரியைக் கொன்றால் சிவப்பு உருண்டை விழும், மேலே நடந்தால் உயிர் ஏறும். அதனால் ஆபத்து வந்தால் பின்வாங்காமல் கூட்டத்துக்குள் பாய்வதே புத்திசாலித்தனம். நாயகன் முதல் மணி நேரத்திலேயே ஒரு குத்தில் பத்துப் பேரைப் பறக்கவிடுகிறான். நல்ல சாமான் விழுந்தால் வானத்துக்கு ஒளித்தூண் எழும்பும். வில்லன்கள் வாய் மூடுவதில்லை. மூன்றாவது அங்கத்தில் அஸ்மோடான் அவ்வப்போது தோன்றித் தன் படையின் அடுத்த திட்டத்தை நம்மிடமே சொல்லிவிட்டுப் போகிறான். கதைச் சுருக்கத்தை மட்டும் படித்தால் இது முந்தைய பாகங்களைவிடக் கொடூரம், பெற்ற தாயே மகளைப் பேய்க்குக் கொடுக்கும் கதை. ஆனால் அதை விளக்கி விளக்கிச் சொன்னதில் நமக்கு ஒன்றும் ஏறவில்லை. 2014இல் வந்த கூடுதல் பாகம் நிறத்தைக் குறைத்து, பிணம் நிறைந்த மழை நகரமாக ஆரம்பித்தது. பார்க்க நன்றாக இருந்தது. ஆட்டம் அதே வேகம், சொல்லப்போனால் இன்னும் வேகம்.

ரசிகர்கள் கத்தினால் எப்போதும் சரியாகத்தான் கத்துவார்கள் என்றும் இல்லை. செல்டா கேம் தொடரில் 2001இல் கார்ட்டூன் உருவத்தைக் காட்டியபோதும் இதே கூச்சல்தான். விண்ட் வேக்கர் என்ற அந்தப் பாகத்தை இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இன்னொரு பக்கம் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேம் தொடர். 1996இல் ஒரு மாளிகையும் எண்ணி வைத்த தோட்டாக்களுமாகத் தொடங்கி, 2012இன் ஆறாம் பாகத்தில் முழு அடிதடிப் படமாகிவிட்டது. 2017இல் ஏழாம் பாகத்தில் அவர்கள் நிறத்தைத் தொட்டு மட்டும் நிற்கவில்லை. பார்வையை நம் கண் வழியாக மாற்றினார்கள், ஆளைப் பலவீனமாக்கினார்கள், ஒரே வீட்டுக்குள் அடைத்தார்கள். பயம் திரும்பி வந்தது. அதாவது முடியாத காரியம் இல்லை. ஆனால் சாமான் சேர்ப்பதே பிழைப்பான ஒரு தொடருக்கு அது பெரிய விலை.

நான்காம் பாகத்தை 2019இல் அறிவித்தபோது, இருட்டுக்குத் திரும்புவோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 2023 ஜூனில் வந்த கேம் சொன்னபடி இருக்கிறது. சேறு, பனி, மங்கிய மெழுகுவத்தி, பழைய ஐரோப்பிய ஓவியச் சாயல். 2008 மனுவில் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. நிறம் மட்டுமே பிரச்சினை என்றால் ஓய்ந்திருக்க வேண்டும்.

இங்கேயும் புட்சர் இருக்கிறான், என் வாதத்துக்குக் கடைசிச் சாட்சியும் அவன்தான். இப்போது அவனுக்கென்று அறை கிடையாது. ஏதாவது ஒரு சுரங்கத்தில், எதிர்பாராத நேரத்தில், அதே குரலோடு வருவான், துரத்துவான். ஆரம்ப நிலையில் அவன் வந்தால் கை வியர்க்கும். பாதிப் பேர் ஓடிப்போய்ச் சாவார்கள். ஒரு நாற்பது மணி நேரம் ஆடிப் பலம் ஏறியபிறகு அதே குரல் கேட்டால், "வாடா வா, சாமான் குடு" என்று கூப்பிடுகிறோம். அவன் நிறமும் மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. நாம்தான் வளர்ந்துவிட்டோம். அதிலும் ஊர்ச் சதுக்கத்தில் பத்துப் பேர் கடையில் காசு கொடுத்து வாங்கிய மின்னும் கவசத்தோடு மின்னும் குதிரையில் நிற்கும்போது, பின்னால் இருக்கும் மங்கிய தேவாலயத்தை யார் பார்க்கிறார்கள்?

நடுவில் 2022இல் மொபைலுக்கென்று வந்த டயாப்லோ இம்மார்ட்டலையும் சொல்ல வேண்டும். புதிய பஸ் ஸ்டாண்டில் மத்தியான வெயிலில், ஒரு காதில் இயர்போனோடு ஆடுகிறவருக்கு இருட்டான கேம் கொடுத்தால் அவர் முகம்தான் திரையில் தெரியும். வெளிச்சமாக இருந்தே தீர வேண்டும். அதைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

முதல் பாகம் 2019இலிருந்து மறுபடி விலைக்குக் கிடைக்கிறது. ரசிகர்களே செய்த டெவிலூஷன்எக்ஸ் என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தால் இன்றைய கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓடுகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ராத்திரியில், ஹெட்போன் மாட்டி, காமா கம்பியைத் தொடாமல் ஆடிப்பார்க்கலாம். அந்த மென்பொருளில் ஊருக்குள் மட்டும் ஓடலாம் என்று ஒரு வசதி உண்டு. கொல்லனிடமிருந்து சூனியக்காரி குடிசைவரை நடந்தே போவது சலிப்பு என்பதால் வைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இளையவன் அதைப் போட்டுவிட்டுத்தான் ஆடுகிறான். மூத்தவர் அதைப் பார்த்த அன்றிலிருந்து, தட்டுவடைக் கடையில் நிறச் சண்டை நின்றுவிட்டது. இப்போது சண்டை இதுதான்.